நிழலுக்குக் கோடு போட்டவள்

தும்பையில் தினம் ஒருமுறை மேஸ்திரி செத்துப்போவார். அதற்காக யாரும் பதறுவதில்லை. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடைக்கூடத்துக்கு வருவார்கள். சுவரோரமாக விரித்து, "அப்பாடா" என்று காலை நீட்டுவார்கள்.

மேஸ்திரி என்பது ஆள் இல்லை. ஊர் முழுவதற்கும் வேலை பங்கிட்டு, காற்றை அளந்து, கதவைத் திறந்து, ஒவ்வொருவர் கழுத்திலும் பதித்திருக்கும் சில்லு வழியாகக் காதுக்குள் பேசுகிற எந்திர மூளை. முதலில் குடியேறியவர்கள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். 'எழுந்திரு, கிளம்பு, இன்னும் இரண்டு பெட்டி பாக்கி' என்று நாள் முழுக்க விரட்டுகிற ஒன்றை நம் ஜனங்கள் வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? மேஸ்திரி என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

தும்பை ஒரு குறுநிலவு, வெளுத்த பனிப்பாறை. ஒரு பெரிய கோளைச் சுற்றுகிறது. தினம் ஒருமுறை அந்தக் கோளுக்குப் பின்னால் போய் வரும்போது சூரியன் மறைந்துவிடும்; ஊருக்குச் சோறு போடும் ஒளித்தகடுகள் வெறுமனே கிடக்கும். சேமித்து வைத்த மின்சாரம் மூச்சுக்காற்றுக்கும் கொஞ்சம் சூட்டுக்கும்தான் காணும். மேஸ்திரி, எந்திர ஆட்கள், கழுத்துச் சில்லு, அது கண்ணோரத்தில் காட்டும் மணி எல்லாம் அணைந்துவிடும். இதற்கு நிழல் என்று பெயர்.

நிழல் எவ்வளவு நேரம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பருவத்துக்குத் தக்கபடி நீளும், குறுகும். பார்க்க மணி கிடையாது. மேஸ்திரி கண் விழித்ததும், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல, விட்ட இடத்திலிருந்து நாளைத் தொடர்வார். நிழலில் யாரையும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது என்று குடியேறியவர்கள் விதி எழுதிவைத்திருந்தார்கள். புண்ணியவான்கள். ஊரில் அவர்கள் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் கட்சி.

அஞ்சுகத்துக்கு நிழல் என்றால் புருஷன். எனாமல் பட்டறையில் அவளுக்கு நிழலுக்கு முந்தைய வேலை முறை. பனிச்சுரங்கத்தில் மாசிலாமணிக்கு நிழலுக்குப் பிந்தைய முறை. அவள் வேலை செய்யும்போது அவன் தூங்குவான், அவன் வேலை செய்யும்போது அவள் தூங்குவாள். இருவரும் சேர்ந்து விழித்திருப்பது நிழலில் மட்டும். அந்த நேரத்தில் மாசிலாமணி அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டு கதை சொல்வான்.

அவனைப்போல நிதானமாகப் பேசுகிற ஆளைப் பார்க்க முடியாது. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு முதுகைச் சொறிந்து, கொட்டாவி விட்டு, எதிர்ப் பாயில் சீட்டாடுபவனுக்கு யோசனை சொல்லி, பிறகுதான் முடிப்பான். அப்போது அவன் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு கோழியின் கதை. வாலிபத்தில் அவன் வந்த கப்பலில் சமையற்காரன் ஒருவன் யாருக்கும் தெரியாமல் ஒரு கோழியை வளர்த்தானாம். ஒரு பருவமாக அந்தக் கதை ஓடிக்கொண்டிருந்தது. கோழி இன்னும் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

"அப்புறம்?" என்பாள் அஞ்சுகம்.

"இருடி, என்ன அவசரம்? அவன் முகம் எப்படி இருக்கும்னு இன்னும் சொல்லவே இல்லையே."

அவன் தலைமுடியைக் கோதியபடி அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கதையில் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நேரத்தையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அது வாட்ச் செய்யும் பட்டறை; அங்கே மூன்று பேர். வரைந்து வடிவம் கொடுப்பவளும் முதலாளியும் ரெஹானா. அஞ்சுகத்தைவிட இளையவள், கண்டிப்பானவள். உள்ளே ஓடும் பல்சக்கரங்களைப் பூட்டுவது எபநேசர், வாயாடி. டயல்கள் அஞ்சுகத்தின் கை. செப்புத்தகட்டில் கண்ணாடிப் பொடியைப் பரப்பி, உலையில் உருக்கி, மேலே மறுபடி பரப்பி, மறுபடி உருக்கி, ஒவ்வொரு பூச்சாக ஏற்றுவாள். தும்பையின் மணலைக் கலந்தால் ஒரு ஊதா வரும். கத்தரிப்பூவும் இல்லை, நாவற்பழமும் இல்லை, அப்படி ஒரு நிறம். பூமியில் இருப்பவர்கள் அந்த நிறத்துக்காக வரிசையில் நின்றார்கள். அவர்கள் கழுத்திலும் சில்லு உண்டு. மணி பார்க்க வாட்ச் வேண்டியதில்லை. வேண்டாததைத்தானே மனுஷன் ஆசைப்பட்டு வாங்குவான்? தும்பையில் மட்டும் ஒருவர் கையிலும் வாட்ச் கிடையாது. அது ஏற்றுமதிச் சாமான்.

வினை உலையில் ஆரம்பித்தது. நிழல் விழும்போது உலைக்குள் டயல் இருந்தால் அஞ்சுகத்துக்கு என்ன செய்வதென்று தெரியாது. நிழல் சின்னதாக இருந்தால் உலையின் சூடு தாங்கும். மின்சாரம் வந்ததும் எந்திரக்கை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெரியதாக இருந்தால் உலை பாதி ஆறி, திடீரென்று மறுபடி காயும். டயலில் முடி ஒட்டியது போல விரிசல் ஓடிவிடும். வெளியே எடுத்துச் சுடுமணலில் புதைத்துவைத்தால் தப்பிக்கும், ஆனால் ஒரு பூச்சின் வேலை வீண். எடுப்பதா, விடுவதா? தினமும் குருட்டாம்போக்கில் முடிவு செய்தாள். பாதி நாள் ஏமாந்தாள்.

ஒருநாள் மூன்று டயல் ஒன்றாகப் போனது. அஞ்சுகம் அழுதேவிட்டாள்.

"அக்கா, அழாதீங்க," என்றான் எபநேசர். "நம்ம வாட்சுக்கு மின்சாரமே வேணாம், சாவி குடுத்தா ஓடுது. நிழல்லயும் நிக்காது. ஊர்ல மணி தெரியாம முழிக்கிறோம், அலமாரி நெறய வாட்ச அடுக்கிவெச்சிக்கிட்டு! நம்மள மாதிரி கூமுட்டைங்க எங்கயாச்சும் உண்டா?"

மூவரும் சிரித்தார்கள். எபநேசர் ஒரு பருவம் முழுக்க நிழலை அளந்தான். பிறகு ஒரு வாட்சைக் குடைந்து, டயலின் கீழ்ப்பாதியில் ஒரு வளைவும் அதன்மேல் நகரும் குட்டி முள்ளும் வைத்தான். நிழல் விழுந்ததும் பக்கத்துக் குமிழை அமுக்கினால் முள் கிளம்பும். வளைவின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு பருவத்தோடு மெல்ல நகர்ந்து, இன்றைக்கு நிழல் எங்கே முடியும் என்று காட்டும். கெட்டிக்காரன், இல்லையென்று சொல்ல முடியாது.

வளைவை ரெஹானா ஊதாவில் வரைந்தாள். கோடு இல்லை, எண் இல்லை, வெறும் ஊதா.

"அது நடுவுல ஒரு முள்ளு தனியா போகணும்க்கா. அவ்ளோதான். அதுல எதையும் கிறுக்காதீங்க," என்றாள்.

"உலைக்கு எனக்கு பாதி தெரிஞ்சா போதும். நடுவுல ஒரு கோடு போட்டுக்கறேன்."

"ஒண்ணே ஒண்ணு."

அஞ்சுகம் ஒரு கோட்டோடு நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் அந்த ஊதாவுக்கு ஒரு கெட்ட குணம். உருகும்போது மணலுக்குள் அடைந்திருக்கும் காற்று குமிழி விட்டு, ஆறியதும் ஊசியால் குத்தியது போலத் துளைகளாக நின்றுவிடும். பூமிக்குப் போகிற டயல்களில் அதன்மேல் பூவோ இலையோ வரைந்து மறைத்துவிடுவாள். எனாமல் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் புத்தி உண்டு. துளையோடு ஒரு டயலை வெளியே விட்டால் தூக்கம் வராது. வெறும் வளைவில் பூ எப்படிப் போடுவது? ஒரு துளையின்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு இழுத்தாள். பக்கத்தில் இன்னொரு துளை. அதன்மேல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இடம் கோணலாகத் தெரிந்தது, சமனாக ஒன்று. இப்படியே வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீப்புப் பல் போலக் கோடுகள் நிறைந்துவிட்டன.

ரெஹானா உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என்னக்கா இது, அளவுகோல் மாதிரி?"

"துளை தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்மா. நான் கட்டிக்கப்போற வாட்ச்தானே? யார் பார்க்கப்போறா?"

யார் பார்க்கப்போகிறார்கள்! ஊரே பார்த்தது.

முதலில் பார்த்தது எதிர்ப் பாய் சீட்டாட்டக்காரர்கள். அஞ்சுகத்தின் மணிக்கட்டை எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார்கள். எண்ணிச் சொன்னாள். "ஆறு கோடு இருக்கா? அப்ப இன்னொரு ஆட்டம் போடலாம்." அன்றுதான் தும்பையில் 'கோடு' என்பது ஒரு நேரமாயிற்று. அடுத்த வாரம் அவர்களில் ஒருவன் பட்டறைக்கு வந்து தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். ரெஹானாவுக்கு வாயெல்லாம் பல். அவள் வரைந்த ஒன்றை உள்ளூரில் ஒருவன் கேட்டு வந்தது அதுவே முதல் தடவை.

கோடு இல்லாத ஒன்றை முதலில் எடுத்துக் காட்டினாள். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது அழகா இருக்கு. ஆனா அந்தக்கா கட்டியிருக்காங்களே, அதுதான் வேணும்."

அதற்குப் பிறகு காட்டுத்தீதான். நடைக்கூடத்தில் பேச்சு மாறியது. "ரெண்டு கோட்டுல வந்துடறேன்." "உன்னால நாலு கோடு போச்சு." முன்பெல்லாம் நிழல் விழுந்ததும் கட்டையைக் கிடத்திவிட்டுக் கூரையைப் பார்த்துக் கிடந்தவர்கள், பத்துக் கோடு சும்மா கிடந்தோமே என்று வெட்கப்பட்டார்கள். ஒருத்தி துணி மடித்தாள். அவள் மடிக்கிறாளே என்று பக்கத்துப் பாய்க்காரி விதை பொறுக்கினாள். பாட்டுக்காரர்கள் ஆளுக்கு மூன்று கோடு என்று பிரித்துக்கொண்டார்கள். நான்காவது கோட்டில் யாராவது பாடினால் முகம் சுளித்தார்கள். சண்டைகள்கூடச் சுருங்கிவிட்டன. முன்பு ஒரு சண்டை ஆற அமர நடந்து, அழுகையில் முடிந்து, சமாதானமாகிவிடும். இப்போது பாதியில் "நேரமாச்சு" என்று எழுந்து போனார்கள். சமாதானத்துக்குக் கோடு மிஞ்சவில்லை.

அஞ்சுகத்தின் டயல்கள் அந்தப் பருவத்தில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கோழிக் கதையைக் கேட்கும்போது கண் தானாக மணிக்கட்டுக்குப் போகிறது என்பதை அவள் கவனிக்கவே இல்லை.

"அந்த சமையக்காரன் கோழிய ஒரு மாவு டப்பாவுல..."

"ஏங்க, அஞ்சு கோடுதான் இருக்கு. வெளிய வந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க."

மாசிலாமணி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். "வந்துச்சு," என்றான். மறுநாள் அவனாகக் கதையை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்று அவள் அடுத்த டயலுக்கு ஊதாப் பொடி அரைத்துக்கொண்டிருந்தாள். கல்லுரல் சின்னது, மடியில் வைத்து அரைக்கலாம்.

அவளுக்கு உறைத்தது ஒரு நாள், மடியில் கல்லுரலை இறக்கிவைத்தபோது. அந்த இடத்தில் வேறொன்று இருந்ததே என்று சட்டென்று நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தால், மாசிலாமணி சுவரில் சாய்ந்து கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவே ஒரு பாய் அகலம்.

அடுத்த வேலை முறையில் ரெஹானாவிடம் போய் நின்றாள்.

"இனிமே கோடு வேணாம்மா. நீ மொதல்ல சொன்ன மாதிரி வெறும் ஊதாவா விட்டுடலாம். துளை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"துளையோட ஒரு டயலை நீங்க வெளிய விடுவீங்களா?"

"விடுவேன்."

அஞ்சுகம் விட்டாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் துளையோடு விட்டாள். அதற்காக இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வாங்கிப் போனவர்கள் திரும்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவர், மூளையுள்ளவர், தானே வைர ஊசியால் கோடு கீறி வைத்திருந்தார். எனாமல் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

"கோட்ட நீங்க போடுங்க, இல்லேன்னா நாங்க போடறோம்," என்றார்.

ரெஹானா அஞ்சுகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். "அக்கா, மணி காட்டறதுக்குத்தானே வாட்ச்? நான்கூட அத மறந்துட்டேன்."

"அது மணி காட்டறதுக்குப் போட்ட கோடு இல்லம்மா! துளைய மறைக்கப் போட்டது!" அஞ்சுகம் கத்தினாள். எபநேசர் சிரித்தான். அவள் நகைச்சுவையாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

அந்தப் பருவத்தின் கடைசியில், எல்லா வேலை முறையையும் நிறுத்திவைத்து, ஊர்க்கூட்டம். முன்வரிசையில் வாட்ச் கட்டிய கைகள். பூமிக்குப் போகிற கப்பலில் இடம் வேண்டுமானால் வேலைப் புள்ளி சேர்க்க வேண்டும். நிழலில் துணி மடித்தவர்களும் விதை பொறுக்கியவர்களும் இப்போது அந்தப் புள்ளியைக் கேட்டார்கள். நியாயம்தானே? செய்த வேலைக்குப் பலன் வேண்டாமா?

மேஸ்திரியின் குரல் எல்லோர் காதிலும் ஒரே சமயத்தில் ஒலித்தது. "நிழலில் நான் இல்லை. நான் இல்லாத நேரத்தில் நடப்பதைப் பதிவு செய்ய இயலாது."

"வாட்ச் இருக்கு!" என்றது கூட்டம். "யார் எத்தனை கோடு செஞ்சாங்கன்னு நாங்களே சொல்றோம்."

"நிழலில் யாரையும் வேலைக்கு அழைக்கக்கூடாது என்பது விதி. எனக்கு அதை மாற்றும் உரிமை இல்லை. உங்களுக்கு உண்டு. மாற்றுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் இதுவரை என்ன செய்துவந்தீர்கள்?"

"ஒண்ணுமில்ல!" என்று ஒருவர் எழுந்து சொன்னார். கைதட்டினார்கள்.

"ஒன்றுமில்லை," என்று மேஸ்திரி திருப்பிச் சொன்னார். "அதை நீக்கிவிடலாமா?"

அஞ்சுகம் எழுந்து நின்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. "அது ஒண்ணுமில்லாத நேரம் இல்லீங்க," என்றாள். "எங்க வீட்டுல நாங்க பேசிக்கிறது அப்பதான்."

"பேசிக்கிட்டே விதை பொறுக்கலாமேம்மா!" என்றது ஒரு குரல். "நீதானே இந்த வாட்ச செஞ்சே?" என்றது இன்னொன்று. சிரிப்பு கிளம்பியது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மாற்ற வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். காடு போல எழுந்த கைகளுக்குள் அவள் கண் ஒரு கையில் போய் நின்றது. ஆள்காட்டி விரலில் பனிவெட்டித் தழும்பு. மாசிலாமணியின் கை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அடக்க முடியாமல் கேட்டாள். "நீங்களுமா? ஏங்க, நீங்களுமா?"

மாசிலாமணி வழக்கம்போல நிதானமாக நாலைந்து கதவுகளைத் தாண்டி நடந்தான்.

"நான் பேசும்போதெல்லாம் நீ அதையே பாத்துக்கிட்டு இருந்தே, புள்ள. சரி, இவளுக்கு வேற வேலை இருக்கு, நாமதான் பிடிச்சு வெச்சிருக்கோம்னு தோணிச்சு. உன்னைக் குத்தம் சொல்லல."

"அந்தக் கோழி என்ன ஆச்சு? இப்ப சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் கேக்கறேன்."

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "எங்க விட்டேன்னு மறந்துபோச்சு," என்றான்.

புது விதி வந்தது. நிழலில் கைவேலை. எந்திர ஆட்கள் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு வழியெல்லாம் தூங்கி வழிய, மனுஷர்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள். அஞ்சுகத்துக்குச் சாவி கொடுத்து எரியும் விளக்கின் வெளிச்சத்தில் டயலுக்குக் கோடு இழுக்கும் வேலை. ஊர் முழுக்க வாட்ச் வேண்டுமே. மாசிலாமணிக்குப் பனிக்கல் பெட்டி அடுக்கும் வேலை. நிழல் முடிந்தால் அவளுக்குத் தூக்கம், அவனுக்குச் சுரங்கம். வீட்டுக் கதவருகே போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டார்கள். "சாப்பாடு மூடிவெச்சிருக்கேன்." "சரி." இதுதான் சம்சாரம்.

மேஸ்திரிக்கு இருந்த ஈரம்கூட மனுஷனுக்கு இல்லை. ஊர் கேட்ட புது விதியை எழுதும்போது ஒரு ஓரமாக அவராகவே ஒன்றைச் சேர்த்திருந்தார். மணமானவர்கள் கேட்டால் பருவத்துக்கு ஒரு நிழல் ஓய்வு கொடுக்கப்படும். ஓய்வுச் சீட்டு இருவருக்கும் சேர்த்து ஒன்று. ஊரில் பலர் அதை வாங்கவே இல்லை. புள்ளி போய்விடுமே.

அஞ்சுகம் வாங்கினாள். மாசிலாமணியிடம் சொன்னபோது அவன் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப்பார்த்தது. "வாட்ச எடுத்துக்கிட்டு வராதே," என்றான்.

"நீங்களும்தான்."

அன்று அவள் தன் வாட்சைக் கழற்றிப் பட்டறை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அவன் தன்னுடையதைச் சுரங்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு வந்தான். நிழல் விழுந்தது. வீட்டில் பாயை விரித்தார்கள். நடைக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. எல்லோரும் வேலையில் இருந்தார்கள். மாசிலாமணி அவள் மடியில் தலை வைத்தான். அவள் அவன் முடியைக் கோதினாள். நரைத்திருந்தது. எப்போது நரைத்ததென்று தெரியவில்லை.

"சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"எதையாவது."

அவன் தொண்டையைச் செருமினான். பனிக்கல் பெட்டி இப்போது முன்பைவிடக் கனம் என்றான். ஆமாம் என்றாள். எபநேசருக்குப் பல்வலி என்று அவள் சொன்னாள். அப்படியா என்றான். பிறகு இருவரும் சும்மா இருந்தார்கள். முன்பும் இப்படித்தான் சும்மா இருப்பார்கள். ஆனால் அந்தச் சும்மா வேறு. இந்தச் சும்மாவில் அவளுடைய வலது கை இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. அங்கே வெறும் தோல்தான் இருந்தது. அவள் மடியில் அவன் கழுத்து விறைத்திருந்தது.

"பாதி போயிருக்குமா?" என்றான்.

"தாண்டியிருக்கும்னு நெனைக்கிறேன்."

"இப்ப நிழல் சின்னதாகிற பருவமாச்சே."

"ஆமா. முடியப்போற நேரம்தான்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். நிழல் முடிந்ததும் சுரங்கத்தில் இல்லாவிட்டால் ஒரு வேலை முறையே போய்விடும் என்றான். அவளும் ஒரு டயல் உலையில் இருக்கிறது என்றாள். ஆளுக்கொரு பக்கமாகப் பாயை மடித்தார்கள். வாசலில் அவன் அவள் கன்னத்தைத் தொட்டான், அது ஒன்றுதான் அவசரமில்லாமல் நடந்தது. பிறகு இருவரும் எதிரெதிர்த் திசையில் விறுவிறுவென்று நடந்தார்கள்.

அஞ்சுகம் மூச்சு வாங்கப் பட்டறைக்குள் நுழைந்தாள். எபநேசர் நிமிர்ந்தான்.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

மேசையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது; நிழல் விழுந்ததும் எபநேசர் குமிழை அமுக்கியிருந்தான். குட்டி முள் ஊதாவில் கால்பங்கைக்கூடத் தாண்டவில்லை. சிவப்புப் பொட்டு எங்கோ தூரத்தில் இருந்தது. நடுவில் அவள் கையால் இழுத்த வெள்ளைக் கோடுகள் வரிசையாக நின்றன, அத்தனையும் அவளுக்கும் அவனுக்கும் உரியவை.

திரும்பி ஓடலாமா என்று கால் துடித்தது. ஆனால் அவன் இந்நேரம் சுரங்கத்துக்குப் போயிருப்பான். அவனும் வாட்சைப் பார்த்திருப்பான். பார்த்தால் வீட்டுக்குத் திரும்புவானா? இல்லை, இங்கேயே வந்துவிடுவானா? வாசலில் போய் நின்றாள். நடைக்கூடம் நெடுகிலும் எந்திர ஆட்கள் நிம்மதியாகத் தூங்கின. இரண்டு கோடு நேரம் நின்றாள். யாரும் வரவில்லை. தாங்க முடியவில்லை. அழ வேண்டும்போல இருந்தது. சும்மா நிற்பானேன் என்று உள்ளே வந்து ஒரு டயலை எடுத்துவைத்துக்கொண்டு தூரிகையை நனைத்தாள்.

மறுநாள் வீட்டுக் கதவருகே அவளைக் கடந்துபோகும்போது மாசிலாமணி ஒரு நொடி நின்றான்.

"நேத்து போய்ப் பாத்தா நெறய நேரம் இருந்துச்சு, புள்ள. நீ சுரங்கத்துக்கு வருவியோன்னு வாசலப் பாத்துக்கிட்டே நின்னேன்."

"நானும்தாங்க நின்னேன்."

"அப்புறம் சும்மா நிக்கிறதுக்கு நாலு பெட்டி அடுக்கிட்டேன். ஓய்வுச் சீட்டு இருந்தும் மேஸ்திரி புள்ளி போட்டுட்டார்."

"எனக்கும் மூணு டயல் முடிஞ்சது," என்றாள் அஞ்சுகம். "நல்லவேளை, நேரம் வீணாப் போகல."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குக் கேட்டது. மாசிலாமணி ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, ஏற்கனவே பாதி வழி போயிருந்தான்.